எக்கோ ரிப்போர்ட்டில் புரியாத பெயரா? அது நோயாக இருக்க வேண்டியதில்லை!

எக்கோ எடுத்து முடித்து, நெஞ்சில் தடவிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். டாக்டரைப் பார்க்க இன்னும் இருபது டோக்கன் போக வேண்டியிருக்கும். வினை ஆரம்பிப்பது இந்த இடைவெளியில்தான். கவரைப் பிரிக்கிறோம். புரியாத ஒரு வார்த்தை கண்ணில் படுகிறது. அதை அப்படியே மொபைலில் தட்டுகிறோம். முதலில் திறக்கிற பக்கத்தில் 'ஸ்ட்ரோக்' என்ற சொல் இருக்கிறது. அவ்வளவுதான், நார்மலாக இருந்த பி.பி-யும் அங்கேயே ஏறிவிடும்.

'யூஸ்டேசியன் வால்வு', 'கியாரி நெட்வொர்க்', 'ஃபால்ஸ் டெண்டன்', 'மாடரேட்டர் பேண்ட்'... கேட்டாலே பயமாக இருக்கிறதல்லவா? இவை எதுவுமே நோயின் பெயர் கிடையாது. மூக்கும் காதும் ஆளுக்கு ஆள் மாறுவதுபோல இதயத்தின் உள்பக்கமும் மாறும். ஒருவருக்கு ஒரு சவ்வு கொஞ்சம் நீளம், இன்னொருவருக்கு ஒரு தசைநார் கூடுதல். டாக்டர்கள் இதை 'நார்மல் வேரியன்ட்' என்பார்கள். இயல்பான மாறுபாடு என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாறுபாடுகளை நோய் என்று நினைத்துப் பயந்தவர்கள் நோயாளிகள் மட்டும் இல்லை. மருத்துவ உலகமே பயந்திருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் லட்சக்கணக்கானோருக்கு இல்லாத நோயைப் பெயர் சொல்லி ஒட்டியும் விட்டிருக்கிறது. அந்தக் கதைகள் தெரிந்தால், ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வரும் படபடப்பு பாதியாகக் குறையும்.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த கருவி

1953-ம் வருடம் வரை உயிரோடு இருக்கும் ஒருவரின் இதயம் உள்ளே எப்படி அசைகிறது என்பதை ஒலி அலையால் யாரும் பார்த்ததில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும்தான் அதை முதலில் செய்தார்கள். கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்திருந்தார்கள். அதே வகைக் கருவியை மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தால் என்ன என்பதுதான் இவர்களின் யோசனை.

அன்று திரையில் தெரிந்தவை வெறும் கோடுகள். இன்று வால்வின் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் தொங்கும் இழைகூடத் தெரிகிறது. கருவி தெளிவாக ஆக, 'ஏதோ இருக்கிறது' என்று எழுத வேண்டியவையும் கூடிக்கொண்டே போகின்றன. அந்த ஏதோ எல்லாம் நம்மோடு பிறந்தவையாக இருக்கலாம். முன்பு யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கருவில் வேலை செய்தவை, இப்போது சும்மா இருப்பவை

இந்த மாறுபாடுகளில் பல, நாம் அம்மா வயிற்றில் இருந்த நாள்களின் மிச்சம். கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாகத்தான் வரும். அந்த ரத்தம் வயிற்றுப் பக்கத்திலிருந்து மேலே ஏறி, பெரிய சிரை வழியாக இதயத்தின் வலது மேல் அறைக்குள் நுழையும். நுரையீரலுக்குப் போய் அதற்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அதனால் இரண்டு மேல் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ரத்தம் வழி தவறாமல் அந்தப் பக்கம் திரும்ப, சிரை நுழையும் வாசலில் ஒரு சவ்வும் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட மண் அணைத்து வைப்போமே, அதே வேலைதான்.

அந்தச் சவ்வுதான் யூஸ்டேசியன் வால்வு. 16-ம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தோலோமியோ யூஸ்டேகியின் பெயர் அது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய்க்கும் இவர் பெயர்தான். குழந்தை பிறந்த பிறகு இந்தச் சவ்வுக்கு வேலை இல்லை. பலருக்குச் சுருங்கிவிடும். சிலருக்குப் பெரியவர்களான பிறகும் எக்கோவில் நீளமாகத் தெரியும்.

அதே இடத்தில் சவ்வு முழுதாகக் கரையாமல், ஓட்டை ஓட்டையாக ஒரு வலைபோல மிஞ்சினால் அது கியாரி நெட்வொர்க். ஹான்ஸ் கியாரி என்ற நோய்க்கூறியல் நிபுணர் 1897-ல் இதை விவரித்தார். சுமார் நூற்றில் இரண்டு பேருக்கு இருக்கும். எக்கோ திரையில் பார்த்தால், பழைய வீட்டு மூலையில் காற்றுக்கு ஆடும் ஒட்டடை மாதிரி படபடவென்று ஆடிக்கொண்டிருக்கும். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ரத்தக்கட்டி போலவோ வால்வில் தொற்று போலவோ தோன்றுவது சகஜம். பெரும்பாலானோருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

அடுத்தது அந்தக் குறுக்கு வழி. குழந்தை முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரியும், இடது பக்க அழுத்தம் கூடும், கதவுபோல் இருக்கும் சவ்வு சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். நான்கில் மூன்று பேருக்கு நிரந்தரமாக ஒட்டிவிடும். மீதி ஒருவருக்குக் கதவு சாத்தியிருக்கும், ஆனால் தாழ் போட்டிருக்காது. பலமாக இருமும்போதோ முக்கும்போதோ லேசாகத் திறந்து மூடலாம். ரிப்போர்ட்டில் பி.எஃப்.ஓ என்று எழுதுவார்கள். நம் வீட்டில் அது உடனே 'இதயத்துல ஓட்டை' ஆகிவிடுகிறது!

பிறவியிலேயே சுவரில் சதை வளராமல் இருப்பது ஏ.எஸ்.டி என்கிற வேறு விஷயம். அதற்கு அளவு பார்த்து, தேவைப்பட்டால் அடைக்க வேண்டியிருக்கும். பி.எஃப்.ஓ-வில் சுவர் முழுதாகவே இருக்கிறது, ஒட்டாமல் இருப்பது மட்டும்தான். இந்த இரண்டு எழுத்துக் கூட்டத்தில் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது எது என்று நிதானமாகப் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், மாமா, சித்தி எல்லோரும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடுவார்கள்.

நாட்டில் நான்கில் ஒருவருக்கு இருப்பதற்கெல்லாம் சிகிச்சை செய்ய முடியாது, வேண்டியதும் இல்லை. விதிவிலக்கு உண்டு. அறுபது வயதுக்குள் ஒருவருக்கு பக்கவாதம் வந்து, எவ்வளவு தேடியும் வேறு காரணம் கிடைக்காவிட்டால், காலில் உருவான ஒரு சின்ன ரத்தக்கட்டி இந்தக் கதவு வழியாக இடது பக்கம் போய் மூளைக்கு ஏறியிருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கதவை அடைத்தால் மறுபடி பக்கவாதம் வருவது குறைகிறது என்று 2017-ல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள் காட்டின. ஆழ்கடலில் மூழ்குபவர்களிடமும் டாக்டர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள், ஏனென்றால் மேலே ஏறும்போது ரத்தத்தில் உருவாகும் வாயுக் குமிழிகள் இதே வழியில் மறுபக்கம் போய்விடலாம். மற்றபடி ஹெல்த் செக்கப்பில் தற்செயலாகத் தெரிந்த பி.எஃப்.ஓ, தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ஒரு தகவல்.

உள்ளே இருக்கும் கயிறுகள்

இதயத்தின் கீழ் அறைகள் பலூன் மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று பாடப்புத்தகப் படம் நம்மை நம்ப வைத்திருக்கிறது. உண்மையில் உள்ளே தூண்களும் கயிறுகளும்தான். வலது கீழ் அறையின் குறுக்கே ஓடும் மாடரேட்டர் பேண்ட் என்கிற தசைப்பட்டை பெரும்பாலானோருக்கு உள்ளது. சிலருக்குத் தடிமனாக இருக்கும்போது கட்டியோ என்று தோன்றும். இதயத்தைத் துடிக்க வைக்கும் மின் இணைப்பின் ஒரு கிளை இதன் வழியாகத்தான் போகிறது. கருவின் ஸ்கேனில் எது வலது அறை, எது இடது அறை என்று அடையாளம் காண டாக்டர்கள் தேடுவதும் இதைத்தான்.

இடது கீழ் அறையில் சிலருக்கு ஒரு மெல்லிய நார் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி இருக்கும். ஃபால்ஸ் டெண்டன் என்பது இதுதான். வால்வை இழுத்துப் பிடிக்கும் நிஜ நார்கள் வேறு, இது எந்த வால்வோடும் சேராதது. அதனால்தான் 'பொய் நார்' என்று பெயர். குழந்தைகளுக்கு ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஆபத்தில்லாத சத்தம் சிலவற்றுக்கு இந்த நாரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பொய் என்ற சொல்லை வைத்து 'ஏதோ கோளாறு' என்று அர்த்தம் செய்துகொள்ளும் பெற்றோர்தான் பாவம்.

வயதானவர்களின் ரிப்போர்ட்டில் வேறு சில வரும். மேல் அறைச் சுவரில் கொழுப்பு சேர்ந்து, நடுவில் மட்டும் மெலிந்து, டம்பெல் வடிவத்தில் தெரிவது ஒன்று. கீழ் அறைச் சுவரின் மேல்பகுதி கொஞ்சம் புடைத்துக்கொண்டு நிற்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை, குடும்பத்தில் பரம்பரையாக வரும் இதயத்தசைத் தடிப்பு நோயோடு குழப்பாமல் பிரித்துச் சொல்ல அனுபவம் வேண்டும்.

மாத்திரையின் பெயரைச் சுமக்கும் வரப்பு

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பெயர் 'கூமடின் ரிட்ஜ்'. இடது மேல் அறையில், நுரையீரலிலிருந்து வரும் ஒரு சிரைக்கும், பக்கத்தில் இருக்கும் காது மடல் போன்ற ஒரு சின்னப் பைக்கும் இடையில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். நுனி கொஞ்சம் உருண்டிருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல எக்கோவில் தெரியும்.

கூமடின் என்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் பிராண்டு பெயர். இதயத்தின் ஒரு பாகத்துக்கு மாத்திரையின் பெயர் எப்படி வந்தது? அந்த வரப்பைப் பார்த்து ரத்தக்கட்டி என்று நினைத்து, அது கரைய வேண்டுமென்று நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். வரப்பு எப்படிக் கரையும்? அது உடம்போடு பிறந்தது. கடைசியில் மாத்திரையின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் சிரிப்பு வராது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கீரையை எவ்வளவு சாப்பிடலாம் என்ற கணக்கு, கீழே விழுந்தால் உள்ளே ரத்தக்கசிவு ஆகிவிடுமோ என்ற பயம். தேவையுள்ளவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. தேவையில்லாதவருக்கு அத்தனையும் வீண் ஆபத்து. இன்று இதயம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பெயரைக் கேட்கும்போதே அந்தத் தவறையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

குதிரைச் சேணம் சொன்ன உண்மை

இதைவிடப் பெரிய குழப்பம் மைட்ரல் வால்வில் நடந்தது. இடது பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் இந்த வால்வின் இதழ்கள், மூடும்போது அளவுக்கு மீறிப் பின்னால் புடைத்தால் அது மைட்ரல் வால்வு ப்ரோலாப்ஸ். நிஜமான நோய்தான், சிலருக்கு ஆபரேஷன் வரை போகும். ஆனால் 1970-களிலும் 80-களிலும் எக்கோ பரவலானபோது, நல்ல ஆரோக்கியமாக இருக்கும் இளைஞர்களில்கூட நூற்றில் ஐந்து, பதினைந்து, சில கணக்குகளில் முப்பதுக்கும் மேல் இந்த நோய் 'கண்டுபிடிக்கப்பட்டது'. படபடப்பு, களைப்பு என்று போன பெண்கள் பலர் இந்த முத்திரையோடு திரும்பினார்கள்.

இத்தனை பேருக்கு எப்படி நோய் இருக்க முடியும்? அமெரிக்காவின் பாஸ்டனில் ராபர்ட் லெவின் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1980-களின் பிற்பகுதியில் வால்வு பொருந்தியிருக்கும் வளையத்தின் வடிவத்தையே ஆராய்ந்தார்கள். எல்லோரும் அது தட்டையான வளையம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அது குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது. சேணத்தை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நடு குழிந்து தெரியும், இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் நடு உயர்ந்து தெரியும். எக்கோவில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பார்க்கும்போது, சரியாக மூடும் இதழ்களும் புடைத்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரிந்திருக்கின்றன. கோளாறு கோணத்தில்!

அளவுகோலைத் திருத்திய பிறகு, அதே பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் பல தலைமுறைகளாக நடந்துவரும் இதய ஆய்வில் சேர்ந்தவர்களை மறுபடி பார்த்தார்கள். 1999-ல் வந்த முடிவு: 3,491 பேரில் 84 பேருக்குத்தான் ப்ரோலாப்ஸ். அதாவது 2.4 சதவிகிதம். பல் பிடுங்குவதற்கு முன்பு இவர்கள் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும் என்றிருந்த அறிவுரையையும் அமெரிக்க இதய சங்கம் 2007-ல் விலக்கிக்கொண்டது.

நம் ஊரில் இதைப் படிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். சிறுவயதில் தொண்டைத் தொற்றும் மூட்டு வலியும் வந்து, அதன் தொடர்ச்சியாக வால்வு கெட்டுப்போகும் ருமாட்டிக் நோய் இங்கே இன்னும் இருக்கிறது. அதற்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் 'வால்வு விஷயமெல்லாம் சும்மா' என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது. அது வேறு, இது வேறு.

ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு வெள்ளைப் புள்ளி

பெரியவர்களின் பயத்தையாவது ஒரு டாக்டர் பேசித் தீர்த்துவிடலாம். வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் பெண்ணிடம், ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து 'குழந்தையோட இதயத்துல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது' என்று சொன்னால் அந்த வீட்டில் அன்று சோறு இறங்காது.

ரிப்போர்ட்டில் 'எக்கோஜெனிக் ஃபோகஸ்' என்று இருக்கும். குழந்தையின் கீழ் அறையில், வால்வைப் பிடித்திருக்கும் சின்னத் தசைத்தூணின் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து படிந்து, எலும்பு மாதிரி பளிச்சென்று தெரிவதுதான் அது. நூறு கர்ப்பங்களில் மூன்று முதல் ஐந்தில் தெரியும். ஆசிய வம்சாவளிப் பெண்களின் கர்ப்பத்தில் இன்னும் அதிகம். இதனால் இதயத்தின் வேலைக்கு எந்தக் குறையும் வருவதில்லை.

பிறகு ஏன் எழுதுகிறார்கள்? டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இந்தப் புள்ளி சற்று அதிகமாகக் காணப்பட்டதால், ஒரு காலத்தில் இதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனைகள் மேம்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. ஸ்கேனில் மற்ற எல்லாம் நன்றாக இருந்து, புள்ளி மட்டும் தனியாகத் தெரிந்தால், டவுன் சிண்ட்ரோமுக்கான ரத்தப் பரிசோதனையும் நார்மல் என்றால், மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை என்று அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவ நிபுணர்கள் அமைப்பு 2021-ல் வழிகாட்டியது. ரத்தப் பரிசோதனையே செய்யாதவர்கள் அதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். இந்தப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுக்கும் சோதனைக்குப் போக வேண்டாம் என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. அந்த ஊசியால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு சிறிதளவு உண்டு.

குடும்பத்துப் பெரியவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது ஒருமுறை படித்துவிடுங்கள். 'நீ என்ன சாப்பிட்டே, எதுக்கு வெயில்ல போனே' என்று அந்தப் பெண்ணைக் கேட்பதில் அர்த்தமே இல்லை. அவர் செய்த எதனாலும் அந்தப் புள்ளி வரவில்லை.

அப்படியென்றால் எதையும் கண்டுகொள்ள வேண்டாமா?

அப்படியும் இல்லை. ஒரே மாதிரி தெரியும் இழை, காய்ச்சல் விடாமல் அடிக்கும் ஒருவருக்கு வால்வில் தொற்றாக இருக்கலாம். மாரடைப்பு வந்து இதயம் பலவீனமான ஒருவரின் கீழ் அறையில் தெரிவது நிஜமான ரத்தக்கட்டியாக இருக்கலாம். எந்த இடத்தில் இருக்கிறது, எப்படி அசைகிறது, அந்த நபருக்கு என்ன தொந்தரவு, பழைய படத்தில் இது இருந்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். சந்தேகம் தீராவிட்டால் உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோ, குலுக்கிய உப்புநீரைச் சிரையில் செலுத்திக் குமிழிகளைப் பின்தொடரும் சோதனை, எம்.ஆர்.ஐ என்று அடுத்த படிகள் இருக்கின்றன. அப்படி எழுதிக் கொடுத்தால் 'பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள்' என்று முதலிலேயே முடிவு கட்ட வேண்டாம். எதைச் சந்தேகிக்கிறீர்கள், என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும் என்று நேராகக் கேளுங்கள்.

சில மாறுபாடுகள் நமக்குத் தொந்தரவு தராவிட்டாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடது பக்கத்தில் கூடுதலாக ஒரு பெரிய சிரை இருப்பது இருநூறு, முந்நூறு பேரில் ஒருவருக்கு நடக்கும். வாழ்நாள் முழுக்க அது இருப்பதே தெரியாது. பின்னாளில் பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தால், ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று முடிவெடுக்க அந்தத் தகவல் உதவும்.

ரிப்போர்ட்டைப் படிக்கத்தான் போகிறீர்கள் என்றால், கடைசியில் இருக்கும் 'இம்ப்ரெஷன்' பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். மேலே இருப்பது பார்த்ததையெல்லாம் குறித்து வைக்கும் பட்டியல். டாக்டர் முக்கியம் என்று நினைப்பது கீழே இருக்கும். 'ட்ரிவியல் டி.ஆர்' என்று இருந்தால், வலது பக்க வால்வில் துளியூண்டு ரத்தம் பின்னால் கசிகிறது என்று அர்த்தம். ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியும். நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்துவதே இந்தக் கசிவைத்தான்.

மூச்சுத்திணறல், மயக்கம், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், முகமோ கையோ ஒரு பக்கம் திடீரென்று இழுத்துக்கொள்வது, குளிர் காய்ச்சல் நாள்கணக்கில் நீடிப்பது... இவை இருந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கத்துக்கும் பக்கவாத அறிகுறிக்கும் 108-ஐக் கூப்பிட யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. எக்கோ ரிப்போர்ட்டை வேறு டாக்டர் மாறியதும் தூக்கிப் போடுவது நம் வழக்கம். பத்து வருடத்துக்கு முன்பு எடுத்த எக்கோவில் அதே நார் அதே இடத்தில் இருந்தது என்று காட்டினாலே புதிய டாக்டரின் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சி.டி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காகிதம் மட்டும்தான் என்றால், மங்குவதற்குள் மொபைலில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.